நாலாம் நம்பர் மூளை

மூக்கு அரிக்குது. வலது பக்கம், ஓட்டைக்கு இத்தினியூண்டு மேல. சொரியக்கூடாது. நினைக்கவே கூடாது, நினைச்சா வளரும், வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, கவனிக்கக் கவனிக்க எழுந்திரிச்சே போகாது. வேற எதையாவது நினை குகா. டக் டக் டக் டக். மெஷின் ஆரம்பிச்சிருச்சு. போர்வெல் லாரி பக்கத்துல பாய் போட்டுப் படுத்த மாதிரி இருக்கு. மூஞ்சிக்கு மேல ஒரு பிளாஸ்டிக் கூண்டு, காதுல ஹெட்போன், ரெண்டு கன்னத்துக்கும் ஸ்பாஞ்சு சொருகியிருக்காரு பெனடிக்ட் அண்ணன், டிவி பெட்டிக்குள்ள தெர்மாகோல் வைக்கற மாதிரி. அவருதான் இந்த எம்.ஆர்.ஐ. மெஷினோட டெக்னீஷியன். கையில ஒரு ரப்பர் பந்து வேற. "பயமா இருந்தா அமுக்கு தம்பி, உடனே வெளிய இழுத்துருவேன்"னாரு. "பசியா இருந்தாண்ணே?"ன்னேன். அவரு சிரிச்சாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எங்க அக்கா சிரிக்கல. "குகா, ஒழுங்கா கேட்டுக்கோ. மொதல்ல ஒரு படம் எடுப்போம். அதுக்கு நீ கல்லு மாதிரி கிடக்கணும். அப்புறம் ரெண்டாவது படம். அதுக்கு நீ இயல்பா அசையணும். ரெண்டும் கிடைச்சாதான் இன்னைக்கு சாயங்காலம் நான் ஆராய்ச்சிப் பேப்பர அனுப்ப முடியும். புரியுதா?" புரியுது. கல்லு. அசைவு. அனுப்பறது. இன்னைக்குத்தான் கடைசி நாள், அனுப்பலன்னா அந்தப் பேப்பர் காலி, நாளன்னிக்கு நடக்கற புரமோஷன் கமிட்டி முன்னாடி அக்கா வெறுங்கையோட போய் நிக்கணும். ஆஸ்பத்திரிக்காரங்க ஞாயித்துக்கிழமை காலைல கூட்டம் வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் மெஷின அவளுக்கு விட்டுக்குடுப்பாங்க, அவ்ளோதான். நடுவுல எவனாவது பைக்ல விழுந்து மண்டைய உடைச்சுக்கிட்டு வந்தான்னா அதுவும் போச்சு. சாமி, திருச்சியில இருக்கற அத்தனை பைக் ஓட்டறவனும் இன்னைக்கு ஒரு மணி நேரம் ஹெல்மெட் போட்டுக்கட்டும். கல்லு. நான் கல்லு. மலைக்கோட்டை மாதிரி கிடக்கறேன். மலைக்கோட்டைக்கு மூக்கு அரிக்குமா?

எங்க அக்கா பேரு வசுமதி. பேருக்கு முன்னாடி டாக்டர் உண்டு, ஆனா ஊசி போடத் தெரியாது. இது எங்க தெருவுல பாதிப் பேருக்கு இன்னும் விளங்கல, சளிக்கு மருந்து கேட்டு வந்து நிப்பாங்க, அவ முழிப்பா, நான் உள்ளேர்ந்து வந்து ஆவி புடிக்கச் சொல்லி அனுப்புவேன். அவ வேலை என்னன்னா, இந்த மெஷின் எடுக்கற படம் கலங்கலா வந்தா அதக் கணக்குப் போட்டுத் தெளிவாக்கறது. தெளிவாக்கினத எழுதிப் பேப்பரா போடறது. போட்டத எத்தனை பேரு அவங்க பேப்பர்ல எடுத்துச் சொல்றாங்கன்னு உட்கார்ந்து பாக்கறது. அதுக்கு சைட்டேஷன்னு பேரு. அப்பாவுக்கு இதப் புரிய வைக்க ரெண்டு வருஷம் ஆச்சு. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்ல யூனியன் எலக்ஷன் பாத்த மனுஷன், "எத்தனை வேணும் சொல்லும்மா, நம்ம ஆளுங்க நூறு பேரு இருக்காங்க, சொல்லிப் போடச் சொல்றேன்"னாரு. "அப்பா, அவங்கள்லாம் பேப்பர் எழுதணும்ப்பா." "எழுதுவான், நம்ம ராஜமாணிக்கம் போனஸ் பத்தி என்னமா எழுதுவான் தெரியுமா!" அம்மாவுக்கு மட்டும் நான் ஒரே நிமிஷத்துல புரிய வச்சேன். ஏன்னா அம்மாவே பெரிய ஆராய்ச்சியாளர். அம்மா ஒரு வம்பையும் ஆதாரம் இல்லாமப் பேசாது. "நான் சொல்லலப்பா, மூணாவது வீட்டு சரசா சொன்னா." அதான்மா சைட்டேஷன்னேன். "தண்ணி லாரி வராதாம், சரசா சொன்னா. அந்தப் பையன் ஓடிப்போயிட்டானாம், சரசா சொன்னா." அப்ப நம்ம தெருவுல பெரிய விஞ்ஞானி யாரு? அம்மா கன்னத்துல கை வச்சுக்கிச்சு. "சரசாவாடா?" ஆமாம்மா, சரசாதான். ஹெச்-இண்டெக்ஸ்னு ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு வம்பு மட்டும் ஊரு பூரா பரவினா போதாது, பத்து வம்பு சொன்னா பத்துல ஒவ்வொண்ணும் பத்து வாயில திரும்ப வரணும், அப்பத்தான் உன் நம்பர் பத்து. சரசா அக்கா அசால்ட்டா முப்பது இருக்கும். எங்க அக்கா ரொம்ப வருஷம் ரெண்டுலயே கிடந்தா. அந்த ரெண்டுலயும் பாதி, அவளே அவளச் சொல்லிக்கிட்டது. டக் டக் போயி இப்ப ஙொய்ய்ய்ங்குது மெஷின். கொசு ஒண்ணு மைக் செட் வச்சிருந்தா இப்படித்தான் கேக்கும். அசையல. இன்னும் அசையல. இது நான்தானா?

ஏன்னா நான் அசையாத ஆளே இல்ல. ஸ்கூல்ல என் பெஞ்சுக்குப் பக்கத்துல எவனும் எழுத மாட்டான், எழுத்து ஆடும். இன்ஜினியரிங் சேத்துவிட்டாங்க, மூணாவது செமஸ்டர்ல ஒரு நாள் லேப் ஜன்னல் வழியா வெளிய பாத்தேன், கல்யாண மண்டபத்துக்கு ஆர்கெஸ்ட்ரா வண்டி போயிட்டிருந்துச்சு, நானும் கூடவே போயிட்டேன், அப்புறம் காலேஜுக்குத் திரும்பவே இல்ல. இப்பவும் அதே ஆர்கெஸ்ட்ராதான். பாடறவங்க தண்ணி குடிக்கற கேப்புல மைக்கப் புடிச்சு ஜனங்கள சிரிக்க வைக்கறது என் வேலை. வேலையான்னு அப்பா கேப்பாரு. அந்தக் கேள்விக்கு என்கிட்ட நல்ல ஜோக் இருக்கு, அப்பாகிட்ட மட்டும் அது வாயில வராது. சரி அத விடு. காலேஜ விட்ட அந்த மாசம் வீட்டுல யாரும் என்கிட்டப் பேசல. சாப்பாட்டுத் தட்டு கூட கோவமாத்தான் தரையில உக்காரும். அப்ப அக்கா வந்து, "சும்மாதான இருக்க, வா, ஒரு தலை வேணும்"னா. அவ படிச்சுக்கிட்டிருந்த நேரம், ஆராய்ச்சிக்கு வியாதி இல்லாத தலைங்க தேவை. மொதல் தலை அவளோடது, ரெண்டாவது அவ கூடப் படிச்ச பொண்ணு, மூணாவது கேன்டீன்ல டீ போடறவரு, நாலாவது நான். இதே மாதிரி குழாய்க்குள்ள போட்டாங்க. அசையாம இருடான்னா. இருந்தேன். கடைசி நிமிஷம் வரைக்கும் இருந்தேன். அப்பத் தும்மல் வந்துச்சு. சாதாத் தும்மல் இல்ல, எங்க அப்பா வழித் தும்மல், ஏழு தலைமுறைய எழுப்பிவிடற தும்மல். ஒண்ணு போட்டேன், அந்த சத்தம் குழாய்க்குள்ள எனக்கே கேட்டு சிரிப்பு வந்துருச்சு, சிரிப்புல இன்னொரு தும்மல், மறுபடி சிரிப்பு. படத்தப் பாத்தா ஒரு மண்டைக்குள்ள மூணு மூளை, ஒண்ணு மேல ஒண்ணு ஆவி மாதிரி. "இவனுக்கு இருக்கறது ஒண்ணே டவுட்டு, மூணு தெரியுதே"ன்னு அவ கூடப் படிச்ச பொண்ணு சொல்லுச்சு. அக்கா மட்டும் அந்தப் படத்தயே ராத்திரி பகலா பாத்தா. தும்மினது எப்ப, தலை எந்தப் பக்கம் போச்சு, எவ்ளோ போச்சு, இத படத்துலேர்ந்தே கண்டுபுடிச்சு, போன தலைய இருந்த எடத்துல கொண்டாந்து வைக்க முடியுமா? முடிஞ்சுச்சு. அதான் அவளோட பெரிய பேப்பர்.

அதுக்கப்புறம் பாரு கூத்த. நம்பர் ஏறுச்சு. ஏற ஏற அக்கா போனையே பாத்துக்கிட்டு தோசை சாப்பிடுவா, சட்னிக்குப் பதிலா டம்ளர்ல தொடுவா. நடுங்கற கை கால் உள்ளவங்க, குழந்தைங்க, அசையாம இருன்னா இருக்க முடியாதவங்க, இவங்க படத்தையெல்லாம் எடுக்கப் போராடிக்கிட்டிருந்தவனுக்கெல்லாம் இது உதவுச்சு. என் தலைப் படத்த, பேரு ஊரு எல்லாம் அழிச்சுட்டு, யாரு வேணாலும் எடுத்து அவங்க முறைய சோதிச்சுப் பாக்கலாம்னு பொதுவுல போட்டா. எடுத்தாங்க. பிரேசில்ல எடுத்தாங்க, போலந்துல எடுத்தாங்க. கொரியாவுல ஒருத்தன் என் மூளைய வச்சு டாக்டர் பட்டமே வாங்கிட்டான். அதே மூளைய வச்சு நான் மூணாவது செமஸ்டர் தாண்டல. அவன் கருத்தரங்கத்துல பேசின வீடியோவ அக்கா காட்டினா. பின்னாடி சுவரு அளவுக்கு என் மண்டை. அவன் சிவப்பு லைட்ட என் நெத்தியில அடிச்சு என்னமோ சொல்றான், கீழ உக்காந்திருக்கவன்லாம் கோட்டு போட்டுக்கிட்டுத் தலைய ஆட்டறான். எனக்கு அப்பிடியே உடம்பு சிலிர்த்துருச்சு. அக்காகிட்ட, "இதுல என் பேரு எங்கக்கா?"ன்னு கேட்டேன். "பேரு போடக்கூடாதுடா, விதி. 'சப்ஜெக்ட் ஃபோர், ஹெல்தி'ன்னுதான் போடணும்." ஹெல்தி. எங்க வீட்டுல என்னப் பத்தி எழுத்துல வந்த ஒரே நல்ல வார்த்தை. அத டீக்கடையில சொன்னேன், எவனும் நம்பல. நாலாம் நம்பர்னா ஜெயில்ல குடுக்கற நம்பராடான்னு கேட்டானுங்க.

சத்தம் மாறிடுச்சு. இப்ப தட்டு வண்டிய மெட்டல் ரோட்டுல இழுக்கற மாதிரி. நெஞ்சு ஏன் இப்பிடி அடிச்சுக்குது? கூரை மூக்குக்கு ஒரு சாண் மேலதான் இருக்கு. இந்த ஒரு சாணுக்கு நடுவுல இருக்கற காத்து எனக்கு மட்டும்தான், வேற யாரும் பங்குக்கு வர மாட்டாங்க, பயப்படாத. ஆனா ஒருவேளை இந்தத் தடவை படத்துல எதாவது இருந்தா? நாலாம் நம்பர் ஹெல்தி இல்லன்னு ஆயிட்டா? கொரியாக்காரனுக்கு யாரு சொல்லுவா? சீ, சும்மா கிட. அது இல்ல பயம். என் பயம் என்னன்னு எனக்கே தெரியும். ரெண்டாவது ரெவ்யூவர். பேப்பர் போடறதுக்கு முன்னாடி யாரோ முகம் தெரியாத ரெண்டு மூணு பேரு படிச்சுக் குறை சொல்லுவாங்களாம். ஒண்ணாவது ஆளு எப்பவும் நல்லவரு. ரெண்டாவது ஆளு கல்யாணப் பந்தியில மூணு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சுட்டு, இனிப்பு பத்தலன்னு சொல்ற பெரியப்பா. அக்காவோட புதுப் பேப்பருக்கு அந்தப் பெரியப்பா என்ன எழுதியிருக்காருன்னா, "நீங்க ஆளுங்கள இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்புன்னு சொல்லி அசைய வச்சிருக்கீங்க. இது நாடகம். நிஜ நோயாளி இப்படி அசைய மாட்டான். ஒரே ஆளு அசையாம இருந்த படமும், தானா அசைஞ்ச படமும் காட்டுங்க." எரிச்சல் என்னன்னா, அவரு சொல்றது சரி. அதயும் அக்காவே சொன்னா, "அவரு கேக்கறது நியாயம்டா"ன்னு, கண்ணாடியக் கழட்டி முந்தானையில தொடைச்சுக்கிட்டே. அப்புறம்தான் என்னப் பாத்தா. எனக்குள்ள ஒரு சந்தோஷ நாதஸ்வரம் கேட்டுச்சு. அசையறதுக்கு ஆளு வேணும். இந்த ஊருலயே, ஏன், இந்த மாநிலத்துலயே, தானா அசையறதுல என்ன அடிச்சுக்க ஆளு உண்டா? அசையாம இருக்கறதுதான் கஷ்டம், அதக் கடிச்சுக்கிட்டு முடிச்சுட்டா ரெண்டாவது படம் அல்வா. அதனாலதான் இப்பக் கிடக்கறேன். அம்மாவுக்கே நம்பிக்கை இல்ல. "அவன் தூங்கும்போதே பாய விட்டு ரோட்டுக்குப் போயிடுவானே வசு"ன்னுச்சு. பாருமா. உன் புள்ள கிடக்கறான் பாரு.

திடீர்னு எல்லாம் நின்னுச்சு. காதுக்குள்ள அக்கா குரல். "குகா, அசையாத, படத்தப் பாக்கறோம்." அப்புறம் பெனடிக்ட் அண்ணன், "மேடம், கண்ணாடி மாதிரி இருக்கு மேடம். இது தம்பி தலைதானா?" அக்கா பெருமூச்சு விட்டது எனக்கு ஹெட்போன்ல பஸ் பிரேக் மாதிரி கேட்டுச்சு. முடிச்சுட்டேன்! நான் அசையாம இருந்துட்டேன்! இத யாருகிட்டயாவது சொல்லணும், இந்தச் செய்தி சரசா அக்காவுக்குப் போகணும், முப்பது வாயில வரணும். கதவு திறந்துச்சு, பெனடிக்ட் அண்ணன் வந்து கன்னத்து ஸ்பாஞ்ச உருவினாரு. மூக்க சொரிஞ்சேன். அடடா. ராஜபோகம்னா இதான். "சீக்கிரம் முடிச்சுரலாம் தம்பி, எம் பொண்ணு சர்ச்சுல ரெண்டாவது பூசையில வாசகம் படிக்குது, நான் மொத வரிசையில உக்காரலன்னா அவங்க அம்மா என்னயப் பிச்சுருவா"ன்னாரு. "அண்ணே, இது ரெண்டே நிமிஷம்"னேன், "நான் அசைய ஆரம்பிச்சா நீங்கதான் நிறுத்தணும்." அவரு வெளிய போனாரு. மெஷின் முழங்குச்சு. அக்கா சொன்னா, "இயல்பா இரு. எப்பவும் போல அசை."

இயல்பா. எப்பவும் போல. எப்பவும் எப்பிடி அசைவேன்? காலு? காலு அசைஞ்சு பிரயோஜனம் இல்ல, தலை போகணும். தலை எப்பிடிப் போகும்? சின்னப் புள்ளைய விருந்தாளி முன்னாடி நிறுத்தி, மாமாவுக்கு டான்ஸ் ஆடிக்காட்டுன்னா மரம் மாதிரி நிக்குமே, அப்பிடி ஆயிருச்சு எனக்கு. லேசா இடது பக்கம் திருப்பினேன். "குகா, அது நாடகம்"னா அக்கா. "இல்லக்கா, தானா போச்சு." "தானா போனா ஏன்டா அரை வட்டம் போட்டு அழகா திரும்பி வருது?" மறுபடி. சும்மா கிடந்து பாத்தேன், அரிப்பு வரட்டும்னு. வரல. மூக்கு அப்பிடி ஒரு நல்ல பிள்ளையா கிடக்கு. இவ்ளோ நேரம் உயிர வாங்கின மூக்கு! தும்மல நினைச்சேன். மிளகாய வறுத்தேன் மனசுக்குள்ள, பக்கத்து வீட்டு சுண்ணாம்ப இறக்கினேன், ஒண்ணும் நடக்கல. இருபத்தெட்டு வயசுல மொதல் தடவையா என் உடம்பு நான் சொன்ன பேச்சக் கேட்டு அமைதியா இருக்கக் கத்துக்கிச்சு, கத்துக்கிட்ட நாள் இன்னைக்கா? இதுல தோத்தா என்ன ஆகும்னு நினைப்பு வந்துருச்சு, நினைப்பு வந்தா நான் இன்னும் கெட்டியாயிடுவேன், கெட்டியானா அக்கா சாயங்காலம் என்னத்த அனுப்புவா? அவ பதினோரு வருஷமா எழுதறா. கொரியாவுல மதிப்பு இருக்கு, இவ வேலை பாக்கற காலேஜுல இன்னும் ஃபேன் இல்லாத ரூம்தான். "உங்க நம்பர் இன்னும் கொஞ்சம் பலமா இருக்கலாம்"னு போன தடவை கமிட்டியில ஒருத்தரு முறுக்கு கடிச்சுக்கிட்டே சொன்னாராம். இந்தத் தடவை இந்தப் பேப்பர் இருந்தா அந்த முறுக்கு அவரு தொண்டையில நிக்கும். அதுக்கு என் தலை ஒரு இஞ்சு போகணும். போ சனியனே. போக மாட்டேங்குது. அப்பா கேக்கற கேள்வி, வேலையான்னு கேக்கற அந்த ஒத்தக் கேள்வி, குழாய்க்குள்ள எதிரொலிக்குது. எல்லாருக்கும் எங்கயோ ஒரு வேலை இருக்கு. எனக்கு அசையறது ஒண்ணுதான், அதயும் கோட்டை விடறேன்.

"சிரிச்சா அசைவான் மேடம்"னாரு பெனடிக்ட் அண்ணன். "எதாவது சொல்லுங்க." அப்புறம் எங்க அக்கா தொண்டையக் கனைச்சா. ஆண்டவா. வசுமதி ஜோக் சொல்லப் போறா. "ஒரு டாக்டர் அடுத்த ஆள உள்ள கூப்பிட்டாரு"ன்னா. நிறுத்தினா. "ஏன்னா, அதுக்கு முன்னாடி வந்தவன், டாக்டர், என்னய யாருமே கண்டுக்க மாட்டேங்கறாங்கன்னு சொல்லியிருந்தான்." அடிப்பாவி, முடிவ மொதல்லயே சொல்லிட்டா! ஆராய்ச்சிச் சுருக்கம் அப்பிடித்தான் எழுதணுமாம், முடிவு மொதல் வரியில வரணும், காரணம் பின்னாடி. "இதுல நகைச்சுவை என்னன்னா குகா, டாக்டரும் அவனக் கண்டுக்கல." விளக்கம் வேற! நான் தொழில்காரன். மேடையில ஒரு நொடி தப்பினா செத்தோம்னு தெரிஞ்சவன். சமையல்காரன் முன்னாடி சாம்பார்ல பால ஊத்தின மாதிரி என் உடம்பு முழுக்க விறைச்சுப் போச்சு. "சிரிச்சானா?"ன்னு அக்கா கேக்கறா. "இல்ல மேடம். இன்னும் நல்லா அசையாம இருக்காரு." அடுத்தது சொன்னா. ஒரு யானையும் ஒரு எறும்பும் வந்துச்சு. யானையோட எடை உத்தேசமா எவ்ளோன்னு சொன்னா. எறும்பு ஸ்கூட்டர் ஓட்டற எடத்துல, "இது நடைமுறையில சாத்தியம் இல்ல"ன்னு அவளே நிறுத்திட்டா. பெனடிக்ட் அண்ணன் கடிகாரத்தப் பாக்கற சத்தம் கூடக் கேக்குது. எனக்கு அழுகை வர்ற மாதிரி இருக்கு, அழுதாலும் அசைவுதான, அழலாமா, அழவும் வரல.

அப்பத்தான் அவளோட பழைய பழக்கம் ஒண்ணு தலை தூக்குச்சு. எங்க அக்கா எத எழுதறதுனாலும் மொதல்ல வாய்விட்டுத் தமிழ்ல சொல்லிப் பாப்பா, மேடைத் தமிழ்ல, அப்புறம்தான் இங்கிலீஷ்ல அடிப்பா. மைக்கு பட்டன்லேர்ந்து கைய எடுக்கல. மெஷின் முழங்கிக்கிட்டே இருக்கு. "மதிப்பிற்குரிய இரண்டாம் மதிப்பீட்டாளர் அவர்களுக்கு"ன்னா. குரல்ல உயிரே இல்ல, இரங்கல் செய்தி வாசிக்கற மாதிரி. "தங்கள் ஆலோசனைக்கு நன்றி. இயல்பான அசைவை வரவழைக்கும் பொருட்டு, ஆய்வாளர் நகைச்சுவை கூறினார். நாலாம் எண் தன்னார்வலர் அசையவில்லை." எனக்கு அடிவயித்துல என்னமோ நகர்ந்துச்சு. "ஒப்பீட்டுக்காக அதே நகைச்சுவை டெக்னீஷியனுக்கும் கூறப்பட்டது. அவரும் அசையவில்லை." "மேடம், நான் பூசைக்குப் போற டென்ஷன்ல இருக்கேன்"ன்னாரு பெனடிக்ட் அண்ணன். "டெக்னீஷியன் பூசைக்குப் போகும் பதற்றத்தில் இருந்தார் என்பது இந்த ஆய்வின் வரம்பு." போச்சு. வந்துருச்சு. மூக்கு வழியா வந்துச்சு மொதல்ல, புஸ்ஸுன்னு, அப்புறம் தோளு, அப்புறம் கழுத்து, தலை கூண்டுல டங்குன்னு முட்டுச்சு. "மேடம் அசையறாரு! அசையறாரு மேடம்!" "இன்னும் அதிகமான நபர்களிடம் இந்த ஆய்வு மீண்டும் செய்யப்பட வேண்டும்"ங்கறா அவ, குரல் ஒரு இழை மாறாம. "வேறு நகைச்சுவை கிடைக்கும் பட்சத்தில்." ஐயோ அம்மா. நான் சிரிக்கறேன், படுக்கை ஆடுது, மெஷின் பறையடிக்குது, நான் அந்தத் தாளத்துக்கு முட்டறேன், கண்ணுல தண்ணி காது வரைக்கும் ஓடுது, தொடைக்க முடியாது, தொடைச்சா அது நாடகம், ஓடட்டும், திருச்சி முழுக்க ஓடட்டும்.

மெஷின் நின்னுச்சு. நான் நிக்கல. பெனடிக்ட் அண்ணன் கத்தறாரு, "மேடம், சூப்பரா கெட்டுப்போயிருக்கு மேடம்! மூளையே தெரியல, கூழு மாதிரி இருக்கு!" "அழகா இருக்கு"ன்னா அக்கா. இப்பத்தான் நிஜக் குரல். கீபோர்டு தட்டற சத்தம். அவளோட முறை அந்தக் கூழுக்குள்ள எறங்கி, என் சிரிப்ப ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்து ஓரம் வைக்குது போல. கீபோர்டு நின்னுச்சு. அப்புறம், "வந்துருச்சு"ன்னா. மெதுவா. மறுபடியும், "குகா, வந்துருச்சுடா. கல்லு மாதிரி எடுத்த படமும் இதுவும் ஒண்ணா இருக்கு. பெரியப்பாவால ஒண்ணும் சொல்ல முடியாது." அவரப் பெரியப்பான்னு நான் வச்ச பேரு அவளுக்குப் புடிக்காதுன்னு நினைச்சேன்! "தம்பி, நான் ஓடறேன், மேடம் உங்கள வெளிய எடுப்பாங்க"ன்னு பெனடிக்ட் அண்ணன் செருப்பு சத்தம் ஓடுது, பொண்ணுக்கு மொத வரிசையில அப்பா உண்டு இன்னைக்கு. "போதும் குகா, முடிஞ்சிருச்சு, நிறுத்து"ங்கறா. நிறுத்த முடியல. அடங்கி வரும்போது 'வரம்பு'ன்னு நினைப்பு வருது, மறுபடி புடுங்கிக்குது. அக்கா கொஞ்ச நேரம் பாத்தா. பட்டன அமுக்கினா. வேணும்னே, நல்லா நேரம் குடுத்து, மேடையில நான் குடுக்கற அதே இடைவெளி குடுத்து, "பக்க விளைவுகள் தொடர்கின்றன"ன்னா. அடியே! டாக்டர் பட்டம் உனக்கு, வீட்டுல மாடி ரூம் உனக்கு, கொரியா உனக்கு, எல்லாத்தயும் நீயே வச்சுக்கன்னு சந்தோஷமா விட்டுக்குடுத்தவன் நான். எங்க வீட்டுல எனக்குன்னு இருந்தது ஜோக்கர் போஸ்ட் ஒண்ணு, அதுக்கும் இன்னைக்குப் போட்டிக்கு ஆளு வந்துருச்சு, அதுவும் என்னவிடத் தகுதி ஜாஸ்தி, சிரிக்காமயே சொல்லுது.